தலைப்பாகையைக் கழற்ற மறுத்த பாரிஸ்டர்

நம் ஊரில் பெரியவர் ஒருவரைக் கண்டால் இரு கை கூப்பிக் கும்பிடுகிறோம். முஸ்லிம் பெருமக்கள் சலாம் செய்கிறார்கள். வெள்ளைக்காரர்கள் கை குலுக்குகிறார்கள். தலையில் இருக்கும் தொப்பியை எடுக்கிறார்கள். ஜப்பானியர் இடுப்பை வளைத்துக் குனிகிறார்கள்.

வழக்கம் ஊருக்கு ஊர் வேறு. கருத்து ஒன்றுதான். எதிரே நிற்பவரை நான் மதிக்கிறேன் என்று காட்டுவதே எல்லா வணக்கத்துக்கும் பொருள்.

ஆனால் ஓர் ஊரில் மரியாதையாக இருப்பது, இன்னோர் ஊரில் அவமரியாதை ஆகிவிடுவதும் உண்டு. இந்தச் சிக்கலில் மாட்டிக்கொண்டார் ஓர் இளம் பாரிஸ்டர். அப்போது அவருக்கு வயது 23. தலையில் தலைப்பாகையோடு கோர்ட்டுக்குள் போனார். அதைக் கழற்றும்படி மாஜிஸ்திரேட் சொன்னார். அவர் கழற்றவில்லை. எழுந்து வெளியே வந்துவிட்டார்.

அவர் பெயர் மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி. பின்னாளில் உலகம் மகாத்மா என்று போற்றிய காந்திஜிதான் அவர்.

தாத்தாவின் இடது கை

காந்திஜியின் குடும்பத்தில் வணக்கத்தைப் பற்றி ஒரு பழைய கதை உண்டு.

அவருடைய தாத்தா உத்தம்சந்த் காந்தி. ஊரார் அவரை ஓதா காந்தி என்று அழைத்தார்கள். கத்தியவார் நாட்டில் போர்பந்தர் என்ற சிறு சமஸ்தானத்தில் அவர் திவானாக இருந்தார். அரண்மனைச் சூழ்ச்சிகளால் அவர் ஊரை விட்டுப் போக நேர்ந்தது. பக்கத்துச் சமஸ்தானமான ஜூனாகத்துக்குப் போய் அடைக்கலம் புகுந்தார்.

அங்கே நவாபின் முன் நின்ற ஓதா காந்தி, இடது கையால் சலாம் செய்தார். சபையில் இருந்தவர்கள் திடுக்கிட்டார்கள். இடது கையால் வணங்குவது பெரிய மரியாதைக் குறைவு அல்லவா? ஏன் இப்படிச் செய்தீர் என்று ஒருவர் கேட்டார். என் வலது கையைப் போர்பந்தருக்கு முன்பே கொடுத்துவிட்டேன் என்று பதில் சொன்னார் ஓதா காந்தி.

அந்தத் தாத்தாவின் பேரன்தான் மோகன்தாஸ். 1869ஆம் ஆண்டு அக்டோபர் 2ந் தேதி போர்பந்தரில் பிறந்தார். தந்தை கரம்சந்த் காந்தி. தாய் புத்லிபாய். தந்தையும் திவான் வேலை பார்த்தவர். மோகன்தாஸ் கூச்சம் மிகுந்த பிள்ளை. பள்ளிக்கூடம் விட்டதும் யாரோடும் பேசாமல் வீட்டுக்கு ஓடி வந்துவிடுவார்.

சீமைக்குப் பயணம்

கூச்சப்படும் இந்தப் பிள்ளையைச் சட்டம் படிக்கச் சீமைக்கு அனுப்புவது என்று குடும்பத்தார் முடிவு செய்தார்கள். அதற்கு முன்பே தந்தை காலமாகிவிட்டார். மது, மாமிசம், மாதர் மூன்றையும் தொடுவதில்லை என்று தாயிடம் மகன் சத்தியம் செய்தார். கடல் தாண்டினால் சாதியை விட்டு விலக்கி வைப்போம் என்று சாதிப் பெரியவர்கள் பயமுறுத்தினார்கள். அப்படியே விலக்கியும் வைத்தார்கள். மோகன்தாஸ் பின்வாங்கவில்லை.

1888ஆம் ஆண்டு செப்டம்பர் 4ந் தேதி பம்பாயில் கப்பல் ஏறினார். அப்போது அவருக்கு 19 வயதுகூட நிரம்பவில்லை. ஊரில் மனைவி கஸ்தூரிபாயும் சில மாதக் கைக்குழந்தையும் இருந்தார்கள்.

கப்பலில் அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஆங்கிலத்தில் பேச வாய் வரவில்லை. யாராவது எதிரே வந்து ஏதாவது கேட்டால், பதிலை மனத்துக்குள் கூட்டி முடிப்பதற்குள் வந்தவர் போய்விடுவார். கத்தி, முள் கரண்டி பிடித்துச் சாப்பிடத் தெரியாது. எந்தப் பண்டத்தில் மாமிசம் இல்லை என்று கேட்கவும் துணிவு இல்லை. ஆகவே சாப்பாட்டு மேஜைக்கே போகவில்லை. ஊரிலிருந்து கொண்டுவந்த மிட்டாயையும் பழங்களையும் தம் அறையிலேயே தின்று நாட்களைக் கழித்தார்.

கரையில் இறங்கும்போது நன்றாக உடுத்திக்கொள்ள வேண்டும் என்று ஒரு வெள்ளைக் கம்பளி உடுப்பைப் பத்திரமாக வைத்திருந்தார். அதை அணிந்துகொண்டு இறங்கினார். அது குளிர் தொடங்கும் காலம். வெள்ளை உடுப்பில் வந்தவர் அவர் ஒருவரே. எல்லாரும் தம்மையே பார்ப்பதுபோல் தோன்றி வெட்கத்தால் குன்றிப்போனார்.

தொப்பி தந்த முதல் பாடம்

லண்டனில் அவர் தங்கிய ஓட்டலுக்கு அன்று இரவே டாக்டர் பிராண்ஜீவன் மேத்தா வந்தார். அவரும் கத்தியவார்க்காரர். மோகன்தாஸின் வெள்ளை உடுப்பைப் பார்த்துச் சிரித்தார்.

டாக்டர் மேத்தா கொண்டுவந்த உயரமான பட்டுத் தொப்பி பக்கத்தில் இருந்தது. பேச்சுக்கு நடுவே மோகன்தாஸ் அதை எடுத்துப் பார்த்தார். எவ்வளவு வழவழப்பாக இருக்கிறது என்று தடவினார். தடவியது எதிர்ப்புறமாக! தொப்பியின் பளபளப்பான மயிர் எல்லாம் கலைந்துவிட்டது. டாக்டருக்குக் கொஞ்சம் கோபம் வந்தது. உடனே தடுத்தார்.

பிறகு அன்போடு சில புத்திமதிகள் சொன்னார். இந்த ஊரில் பிறருடைய பொருளைத் தொடக்கூடாது. நம் ஊர்போல் முதல் சந்திப்பிலேயே சொந்த விஷயங்களை எல்லாம் கேட்கக்கூடாது. உரக்கப் பேசக்கூடாது. வாய்க்கு வாய் ஐயா என்று அழைக்கக்கூடாது; இங்கே வேலைக்காரர்கள்தான் எஜமானரை அப்படி அழைப்பார்கள்.

மோகன்தாஸுக்குத் தலை சுற்றியது. நம் ஊரில் எந்த ஊர், என்ன வேலை, எத்தனை பிள்ளைகள் என்று கேட்பதே அன்பு. இங்கே அதுவே குற்றம். நம் ஊரில் ஐயா என்று சொல்லாதவன் மரியாதை தெரியாதவன். இங்கே அப்படிச் சொல்பவன் தன்னைத் தானே தாழ்த்திக்கொள்கிறான். மனிதர், பழக்கம், வீடு எல்லாமே அவருக்குப் புதிதாக இருந்தன. இரவில் படுத்தால் தாயின் நினைவு வந்து கண்ணீர் பெருகியது.

கண்ணாடி முன் பத்து நிமிஷம்

சில காலம் சென்றது. வெள்ளைக்காரர் போலவே ஆகிவிட்டால் தொல்லை இல்லை என்று அவருக்கு ஓர் எண்ணம் வந்தது. மாமிசம் சாப்பிடாததால் நண்பர்கள் தம்மைப் பட்டிக்காட்டான் என்று நினைக்கிறார்களே, அந்தக் குறையை நாகரிகத்தால் ஈடுசெய்துவிடலாம் என்று எண்ணினார்.

19 ஷில்லிங் கொடுத்து உயரமான பட்டுத் தொப்பி வாங்கினார். லண்டனில் பேர்பெற்ற பாண்ட் தெருவில் 10 பவுன் செலவில் மாலை நேர உடுப்புத் தைத்துக்கொண்டார். கடிகாரத்துக்கு இரட்டைவடத் தங்கச் சங்கிலி வேண்டும் என்று ஊரில் இருந்த அண்ணனுக்கு எழுதி வரவழைத்தார். கழுத்துப்பட்டை கட்டப் பழகினார்.

ஊரில் நாவிதர் வரும் நாளில் மட்டும் கண்ணாடி பார்த்தவர், இப்போது தினமும் பத்து நிமிஷம் பெரிய கண்ணாடியின் முன் நின்றார். அவருக்கு முரட்டு மயிர். அதை வாரி வகிடு எடுப்பதே ஒரு போராட்டம். யாரையாவது கண்டு தொப்பியை எடுத்தாலும், திரும்ப வைத்தாலும், கை தானாகத் தலைக்குப் போய்க் கலைந்த மயிரைச் சரிசெய்யும்.

நடனம் கற்க 3 பவுன் கட்டினார். பியானோ ஒரு பக்கம் போயிற்று. அவர் கால் வேறு பக்கம் போயிற்று. மூன்று வாரத்தில் நடனம் நின்றது. மேல்நாட்டுச் சங்கீதத்துக்குக் காது பழகட்டும் என்று பிடில் வாங்கினார். அழகாகப் பேசக் கற்றுத்தர ஒரு வாத்தியாரையும் அமர்த்தினார்.

மூன்று மாதத்தில் இந்தக் கனவு கலைந்தது. தாம் வந்தது படிக்க அல்லவா, வாழ்நாள் முழுதும் இங்கேயா இருக்கப் போகிறோம் என்று தம்மையே கேட்டுக்கொண்டார். பிடில் வேண்டாம், நடனம் வேண்டாம் என்று நிறுத்தினார். ஒரே அறையில் குடியிருந்து, வண்டிச் சத்தம் கொடுக்காமல் நடந்தே போய்ச் செலவைச் சுருக்கினார்.

ஆனால் சுத்தமாக உடுத்துவது, பிறரைக் கண்டால் அந்த ஊர் முறைப்படி மரியாதை செய்வது ஆகிய பழக்கங்களை விடவில்லை. தாய்க்குக் கொடுத்த வாக்கையும் விடவில்லை. ஊர் வழக்கம் என்பது வேறு, சத்தியம் என்பது வேறு என்று அந்த வயதிலேயே அவருக்குத் தெரிந்திருந்தது.

1891ஆம் ஆண்டு ஜூன் மாதம் பாரிஸ்டர் பட்டம் பெற்று ஊர் திரும்பினார். தாய் இறந்துபோன செய்தி அவருக்காகக் காத்திருந்தது.

அங்கே நண்பர், இங்கே துரை

ஊரில் இன்னொரு பாடம் காத்திருந்தது. விடுமுறையில் சீமைக்கு வந்திருந்த ஓர் ஆங்கில அதிகாரி, அங்கே காந்திஜியிடம் நன்றாகப் பழகியவர். இப்போது அவர் ராஜ்கோட்டில் அதிகாரம் செலுத்தும் துரை. அண்ணனுக்காக ஒரு வார்த்தை பேச காந்திஜி அவரைப் பார்க்கப் போனார். போக அவருக்கு மனமே இல்லை. அண்ணனின் வற்புறுத்தலால் போனார்.

பழைய பழக்கத்தை நினைவூட்டியதும் துரையின் முகம் கடுத்தது. பேச்சை நிறுத்தச் சொன்னார். காந்திஜி மேலும் பேசவே, சேவகனை அழைத்தார். சேவகன் காந்திஜியின் தோளைப் பிடித்து வெளியே தள்ளினான்.

லண்டனில் கை குலுக்கியவர் ராஜ்கோட்டில் கழுத்தைப் பிடித்துத் தள்ளச் சொல்கிறார். இந்த அவமானம் காந்திஜியின் மனத்தை விட்டு அகலவில்லை. அந்த ஊரில் இருக்கவே அவருக்குப் பிடிக்கவில்லை. அந்த நேரத்தில் தென் ஆப்பிரிக்காவிலிருந்து ஓர் அழைப்பு வந்தது. தாதா அப்துல்லா கம்பெனி என்ற இந்திய வியாபாரக் கம்பெனி, ஒரு வழக்குக்காக அவரை அழைத்தது. ஓராண்டு வேலை. 105 பவுன் சம்பளம்.

கோர்ட்டில் நடந்தது

1893ஆம் ஆண்டு மே மாதம் காந்திஜி டர்பன் துறைமுகத்தில் இறங்கினார். டர்பன், நேட்டால் என்னும் ஆங்கிலக் குடியேற்ற நாட்டின் முக்கியப் பட்டணம். நீண்ட கோட்டும் கால்சட்டையும் அவர் அணிந்திருந்தார். தலையில் மட்டும் வங்காளிகள் பாணியில் தலைப்பாகை. சீமையில் தொப்பி வைத்தவர், இங்கே இந்தியர் என்ற அடையாளத்தோடு வந்தார்.

வந்த இரண்டு மூன்று நாளில் அப்துல்லா சேட் அவரைக் கோர்ட்டைக் காட்ட அழைத்துப் போனார். வக்கீல்கள் உட்காரும் இடத்தில் காந்திஜி உட்கார்ந்தார். மாஜிஸ்திரேட் அவரையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் தலைப்பாகையை எடுக்கும்படி சொன்னார். காந்திஜி மறுத்து வெளியே நடந்தார்.

மறுநாள் பத்திரிகையில் செய்தி வந்தது. வேண்டாத விருந்தாளி என்று அவரைக் குறிப்பிட்டிருந்தார்கள். தலையைத் திறக்காமலும் சலாம் போடாமலும் உள்ளே வந்தார் என்று குறை சொல்லியிருந்தார்கள்.

காந்திஜி சும்மா இருக்கவில்லை. மே 26ந் தேதியே நேட்டால் அட்வர்டைசர் என்ற பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். கோபமாக எழுதவில்லை. வழக்கத்தை விளக்கி எழுதினார்.

ஐரோப்பியருக்குத் தொப்பியை எடுப்பது மரியாதை. இந்தியருக்குத் தலையை மூடியிருப்பதே மரியாதை. பெரியவர் முன் வெறுந்தலையோடு நிற்பதுதான் எங்கள் நாட்டில் அவமதிப்பு என்று சொன்னார். சீமையில் விருந்துகளுக்குப் போகும் இந்தியர்கள் தலைப்பாகையோடுதான் போகிறார்கள், அங்குள்ள சீமான்களும் சீமாட்டிகளும் அதை மரியாதையாகவே ஏற்கிறார்கள் என்றும் எடுத்துக்காட்டினார்.

சலாம் செய்யவில்லை என்ற புகாருக்கும் பதில் இருந்தது. மாஜிஸ்திரேட் உள்ளே வந்தபோது தாம் எழுந்து நின்றதையும், அவர் உட்கார்ந்த பிறகே தாம் உட்கார்ந்ததையும் குறிப்பிட்டார். பம்பாய் ஹைகோர்ட்டில் வக்கீல்கள் செய்யும் மரியாதை அதுதான் என்று விளக்கினார்.

பத்திரிகைகளில் சிலர் அவரை ஆதரித்தார்கள். சிலர் கண்டித்தார்கள். வந்து ஒரு வாரம் ஆவதற்குள் அந்த நாடு முழுதும் அவர் பெயர் தெரிந்துவிட்டது.

தொப்பி வைத்தால் என்ன?

காந்திஜிக்கு ஒரு யோசனை தோன்றியது. தலைப்பாகையால்தானே இவ்வளவு தகராறு? ஆங்கிலத் தொப்பியை வைத்துக்கொண்டால், உள்ளே போகும்போது எடுத்துவிடலாம். சண்டையும் இல்லை, அவமானமும் இல்லை.

அப்துல்லா சேட் இதைக் கேட்டுத் தலையை அசைத்தார். அவர் அதிகம் படித்தவர் அல்ல. ஆனால் உலகம் அறிந்தவர். நீங்கள் தொப்பிக்கு மாறினால், தலைப்பாகைதான் கட்டுவோம் என்று உறுதியாக நிற்கும் நம்மவர்களின் நிலை என்ன ஆகும் என்று கேட்டார். தலைப்பாகை உங்களுக்கு அழகாகவும் இருக்கிறது; தொப்பி வைத்தால் ஓட்டலில் பரிமாறுகிறவர் என்று நினைப்பார்கள் என்றும் சொன்னார்.

பரிமாறும் வேலையைத் தாழ்வாகச் சொன்னது காந்திஜிக்குப் பிடிக்கவில்லை. அந்த வேலையில் இருந்தவர்கள் பெரும்பாலும் நம் கூலித் தொழிலாளரின் பிள்ளைகள்தாம். ஆனால் முதலில் சொன்ன காரணம் சரி என்று பட்டது. தொப்பி யோசனையைக் கைவிட்டார்.

சாமி என்று ஒரு வசை

அந்த நாட்டில் இந்தியரை வெள்ளையர் எப்படி அழைத்தார்கள் தெரியுமா? கூலி என்றும், சாமி என்றும்!

கரும்புத் தோட்டங்களில் வேலை செய்ய 1860ஆம் ஆண்டு முதல் இந்தியத் தொழிலாளர்கள் ஒப்பந்தத்தில் கப்பல் ஏற்றப்பட்டார்கள். முதல் கப்பல் சென்னையிலிருந்தே போயிற்று. போனவர்களில் தமிழரும் தெலுங்கரும் ஏராளம். ராமசாமி, முத்துசாமி, வீராசாமி என்று பல பெயர்கள் சாமி என்று முடிவதைக் கேட்ட வெள்ளையர், இந்தியர் எல்லாரையும் சாமி என்று கூப்பிட்டார்கள். அது மரியாதைச் சொல் அல்ல. இழிவாகச் சொன்னது.

நம்மவரில் சிலர் துணிச்சலோடு பதில் சொன்னதுண்டு. சாமி என்றால் எஜமான் என்று அர்த்தம், நான் உமக்கு எஜமான் அல்லவே என்பார்கள். சில வெள்ளையர் வாயடைத்துப் போவார்கள். சிலர் கோபம் கொண்டு அடிக்கவும் செய்வார்கள்.

இத்தகைய நாட்டில் பாரிஸ்டர் காந்தியும் கூலி பாரிஸ்டர் ஆனார். ஜூன் மாதம் பிரிட்டோரியாவுக்கு ரயிலில் போகும்போது, முதல் வகுப்பு டிக்கெட் வைத்திருந்தும் மாரிட்ஸ்பர்க் ஸ்டேஷனில் இறக்கிவிடப்பட்டார். கடுங்குளிரில் இரவு முழுதும் காத்திருந்தார். திரும்பி ஊருக்குப் போவதா, இருந்து உரிமைக்காகப் போராடுவதா என்று அன்று யோசித்தார். இருப்பது என்று முடிவு செய்தார்.

விட்டுக்கொடுத்தது ஏன்?

1894ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் நேட்டால் இந்தியக் காங்கிரசைத் தொடங்கினார். செப்டம்பர் மாதம் நேட்டால் சுப்ரீம் கோர்ட்டில் வக்கீலாகப் பதிவு செய்துகொள்ள மனுச் செய்தார். வெள்ளை வக்கீல்களின் சங்கம் எதிர்த்தது. சட்டத்தில் நிற வேற்றுமை இல்லை என்று கோர்ட்டு அந்த எதிர்ப்பைத் தள்ளியது.

காந்திஜி பிரமாணம் எடுத்து முடித்தார். உடனே தலைமை நீதிபதி, கோர்ட்டின் உடை விதிப்படி தலைப்பாகையை எடுக்க வேண்டும் என்றார்.

இந்தத் தடவை காந்திஜி எடுத்துவிட்டார்!

அப்துல்லா சேட்டுக்கும் நண்பர்களுக்கும் இது பிடிக்கவில்லை. மாஜிஸ்திரேட்டிடம் மறுத்தவர் இங்கே ஏன் பணிந்தார் என்று வருந்தினார்கள். காந்திஜி விளக்கம் சொன்னார். அன்று தாம் பார்க்கப் போன வெளியார். இன்று இந்தக் கோர்ட்டின் வக்கீல். அதன் விதிக்கு உட்படுவதாக ஒப்புக்கொண்டவர். தலைப்பாகைக்காக வாதாடலாம், வாதாட நியாயமும் உண்டு. ஆனால் இதைவிடப் பெரிய போராட்டங்கள் முன்னால் இருக்கின்றன. பலத்தை அவற்றுக்குச் சேர்த்துவைக்க வேண்டும் என்றார். நண்பர்கள் முழுத் திருப்தி அடையவில்லை.

அந்தப் பெரிய போராட்டம் சில மாதத்தில் வாசலுக்கே வந்தது. அது ஒரு தமிழ்த் தொழிலாளியின் உருவத்தில் வந்தது.

பாலசுந்தரத்தின் முண்டாசு

காந்திஜி வக்கீல் தொழில் தொடங்கி மூன்று நான்கு மாதம் ஆகியிருக்கும். அவர் ஆபீசில் ஒருவர் வந்து நின்றார். கந்தல் உடை. முன்பற்கள் இரண்டு உடைந்து வாயெல்லாம் இரத்தம். உடம்பு நடுங்கியது. கண்ணீர் வழிந்தது. தலையில் கட்டும் முண்டாசுத் துணியைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தார்.

அவர் பெயர் பாலசுந்தரம். டர்பனில் பெயர் பெற்ற வெள்ளைக்காரர் ஒருவரிடம் ஒப்பந்தத் தொழிலாளி. எஜமானர் கோபத்தில் கண்மண் தெரியாமல் அடித்துவிட்டார். காந்திஜியின் குமாஸ்தா ஒரு தமிழர். அவர் மூலம் காந்திஜி எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

ஆனால் முதலில் காந்திஜியின் கண்ணில் பட்டது, கையில் இருந்த அந்த முண்டாசுத் துணிதான்.

வெள்ளைக்காரர் எதிரில் போகும் ஒப்பந்தத் தொழிலாளி, தலையில் குல்லாவோ, தலைப்பாகையோ, முண்டாசோ எது இருந்தாலும் அதைக் கழற்றிவிட வேண்டும் என்பது அங்கே கட்டாய வழக்கம். இரு கையாலும் கும்பிட்டால்கூடப் போதாது. பாரிஸ்டரிடமும் அப்படித்தான் போகவேண்டும் என்று பாலசுந்தரம் நினைத்துவிட்டார்.

காந்திஜிக்கு அதைப் பார்த்ததும் தமக்கே அவமானம் நேர்ந்ததுபோல் இருந்தது. முதலில் முண்டாசைக் கட்டிக்கொள்ளுங்கள் என்று சொன்னார். பாலசுந்தரம் தயங்கினார். பிறகு மெல்லத் தலையில் கட்டினார். அந்த வேதனையிலும் அவர் முகத்தில் ஒரு மகிழ்ச்சி தெரிந்தது.

அதன் பிறகுதான் வழக்கு. காயத்தைப் பற்றி டாக்டரிடம் சர்டிபிகேட் வாங்கினார் காந்திஜி. பாலசுந்தரத்தை நேரே மாஜிஸ்திரேட்டிடம் அழைத்துப் போனார். அவரைப் பார்த்த மாஜிஸ்திரேட்டே கொதித்து, எஜமானருக்குச் சம்மன் அனுப்பினார்.

சாதாரண வேலைக்காரன் சொல்லாமல் வேலையை விட்டால், எஜமானர் சிவில் வழக்குத்தான் போட முடியும். ஒப்பந்தத் தொழிலாளி வேலையை விட்டால் சிறை! எஜமானருக்கு அவன் ஒரு சொத்துப்போல. ஆகவே எஜமானருக்குத் தண்டனை வாங்கித் தருவதைக் காந்திஜி விரும்பவில்லை. பாலசுந்தரத்தை விடுவிப்பதையே விரும்பினார். எஜமானர் ஒப்புக்கொண்டார். நல்ல வெள்ளைக்காரர் ஒருவரைக் காந்திஜி தேடிப் பிடித்து, ஒப்பந்தத்தை அவருக்கு மாற்றிக் கொடுத்தார்.

செய்தி தோட்டம் தோட்டமாகப் பரவியது. தங்களுக்காகப் பேச ஒருவர் இருக்கிறார் என்று ஏழைத் தொழிலாளர்கள் அறிந்தார்கள். அன்று முதல் அவர் ஆபீசுக்கு அவர்கள் வந்தவண்ணம் இருந்தார்கள்.

1896ஆம் ஆண்டு காந்திஜி இந்தியாவுக்கு வந்தார். வரும் வழியில் கப்பல் டாக்டர் கொடுத்த புத்தகத்தை வைத்துத் தமிழ் படிக்கத் தொடங்கினார். அக்டோபர் 26ந் தேதி சென்னை பச்சையப்பன் மண்டபத்தில் பேசினார். பாலசுந்தரத்தின் கதை அதற்கு முன்பே சென்னையை எட்டியிருந்தது. கூட்டம் உணர்ச்சி வெள்ளத்தில் மூழ்கியது.

தட்டின் மேல் ஒரு முண்டாசு

அதே ஆண்டு முடிவில் மனைவி மக்களோடு தென் ஆப்பிரிக்காவுக்குத் திரும்பினார். நாகரிகமாகத் தோன்ற வேண்டும் என்று கஸ்தூரிபாய்க்குப் பார்சிப் பெண்கள் பாணியில் சேலை கட்டச் சொன்னார். பிள்ளைகளுக்குப் பார்சிக் கோட்டு. எல்லாருக்கும் காலுறை, பூட்ஸ். கால் வலிக்கிறது என்று அவர்கள் அழாத குறை. பின்னாளில் இதை நினைத்து அவரே வருந்தினார்.

1897ஆம் ஆண்டு ஜனவரி 13ந் தேதி டர்பனில் இறங்கியதும், வெள்ளையர் கூட்டம் அவரைச் சூழ்ந்துகொண்டது. கல்லும் அழுகிய முட்டையும் பறந்தன. ஒருவன் அவர் தலைப்பாகையைப் பிடுங்கி எறிந்தான். மற்றவர்கள் அடித்தார்கள், உதைத்தார்கள். போலீஸ் சூபரிண்டெண்டு அலெக்சாந்தரின் மனைவி தம் குடையை விரித்துக் குறுக்கே வந்து நின்று காப்பாற்றினார்.

அன்று இரவு நண்பர் வீட்டையும் கூட்டம் முற்றுகை இட்டது. சூபரிண்டெண்டு ஒரு தந்திரம் செய்தார். காந்திஜிக்கு இந்தியப் போலீஸ்காரர் உடுப்பைப் போட்டார்கள். தலைக்கு என்ன செய்வது? ஒரு தட்டைத் தலைமேல் வைத்து, அதைச் சுற்றி ஒரு மதராஸ் முண்டாசைக் கட்டிவிட்டார்கள். அப்படியே கூட்டத்தின் நடுவில் நுழைந்து தப்பினார். அடித்தவர்கள்மேல் வழக்குப் போடலாம் என்று சீமையிலிருந்து உத்தரவு வந்தது. காந்திஜி வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

வெறுந்தலையோடு அரண்மனைக்கு

அதன் பிறகும் பல ஆண்டுகள் அந்த நாட்டில் போராடினார். சிறை சென்றார். 1913ஆம் ஆண்டு போராட்டத்தில் தொழிலாளர் பலர் சுட்டுக் கொல்லப்பட்டபோது, துக்கத்தின் அடையாளமாகத் தலையை மொட்டை அடித்து, ஒப்பந்தத் தொழிலாளியின் உடையை உடுத்திக்கொண்டு டர்பன் கூட்டத்துக்கு வந்தார். கூலி பாரிஸ்டர் என்று ஏசியவர்களுக்கு, ஆம், நான் அவர்களில் ஒருவன்தான் என்று காட்டியதுபோல் இருந்தது அது.

1914இல் அந்த நாட்டை விட்டுப் புறப்பட்டார். 1921ஆம் ஆண்டு செப்டம்பர் 22ந் தேதி நம் மதுரையில், சட்டையையும் குல்லாவையும் விட்டு, முழத்துண்டு உடுத்தத் தொடங்கினார். நாட்டு மக்களில் பலருக்கு உடுத்த முழு வேட்டி இல்லாதபோது தமக்கு எதற்கு என்று எண்ணினார். வெள்ளையர் கழற்றச் சொன்னபோது மறுத்த தலைச் சீலையை, ஏழைகளுக்காகத் தாமே விட்டுவிட்டார்.

1931இல் வட்டமேஜை மாநாட்டுக்காக மீண்டும் லண்டன் போனார். 43 ஆண்டுகளுக்கு முன் எதைச் செய்தால் தவறோ என்று அஞ்சி நடுங்கிய பையன் அல்ல அவர். ஏழைகள் வாழும் கிழக்கு லண்டனில் தங்கினார். அங்கிருந்த குழந்தைகள் அவரைக் காந்தி மாமா என்று அழைத்தார்கள். ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் அரண்மனை விருந்துக்கும் அதே முழத்துண்டோடும் சால்வையோடும் போனார். கதவு திறந்தது.

பிறர் வழக்கத்தை அவர் இகழவில்லை. பட்டுத் தொப்பியை எடுத்து மரியாதை செய்யவும் கற்றுக்கொண்டார். மனமுவந்து செய்தால் எந்த வணக்கமும் நல்ல வணக்கமே. அடித்து மிரட்டி வாங்கினால் அது வணக்கம் ஆகாது. அவர் வாழ்க்கை காட்டும் வழி இது.

1948ஆம் ஆண்டு ஜனவரி 30ந் தேதி மாலை, டில்லியில் பிரார்த்தனைக்கு நடந்து வந்த காந்திஜி, கூடியிருந்த மக்களை நோக்கி இரு கையும் கூப்பினார். கூப்பிய கையோடு நின்ற அவர்மேல்தான் குண்டுகள் பாய்ந்தன.